அன்ரிகனி படிக்கும் உயர்தர மாணவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்குக் கிரேக்கத் துன்பியல் நாடகம் கற்பித்து வருகிறேன். நாடகமும் அரங்கியலும் எடுக்கும் பிள்ளைகளும் வருகிறார்கள், ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைகளும் வருகிறார்கள். பாடம் வேறு என்றாலும் கேள்விகள் ஒன்றுதான். சில, வகுப்பில் கொப்பியின் கடைசித் தாளில் எழுதி நீட்டப்பட்டவை. சில, வகுப்பு முடிந்தபின் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலை வரை வந்து தயங்கித் தயங்கிக் கேட்கப்பட்டவை. பெரும்பாலும் இரண்டாம் வகைக் கேள்விகளே நல்லவை. சோபோகிளிஸ் எழுதிய ‘அன்ரிகனி’யை வைத்து இங்கே பதில் சொல்கிறேன்.

கதையை முதலில் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

தீப்ஸ் நகரை ஆண்ட ஈடிப்பஸுக்கு ஆண் இரண்டு, பெண் இரண்டு. தகப்பன் போனபின் ஆண் பிள்ளைகள் அரசுரிமைக்காக மோதினார்கள். எற்றியோக்கிளிஸ் நகரைக் காத்து நின்றான். பொலினிசஸ் ஆர்கோஸ் நாட்டுப் படையோடு வந்து தன் சொந்த நகரைத் தாக்கினான். ஒரே நாளில் ஒருவன் கையால் மற்றவன் இறந்தான். ஆட்சி அவர்களின் தாய்மாமன் கிரியோனிடம் வந்தது. நகரைக் காத்தவனுக்கு முழு மரியாதையோடு இறுதிக் கிரியை, தாக்கியவனின் உடல் நாய்க்கும் பறவைக்கும் என்று அவன் கட்டளையிட்டான். மீறுபவருக்குக் கல்லெறிந்து மரண தண்டனை.

நாடகம் இதன் பிறகுதான் தொடங்குகிறது. விடியுமுன் மூத்தவளான அன்ரிகனி தன் தங்கை இஸ்மினியை வெளியே அழைத்து, “நான் புதைக்கப் போகிறேன், நீ வருகிறாயா?” என்று கேட்கிறாள். இஸ்மினி மறுக்கிறாள். அன்ரிகனி தனியே போய் மண் தூவுகிறாள், பிடிபடுகிறாள், குகையில் உயிரோடு அடைக்கப்படுகிறாள். அவளை மணக்க இருந்த கிரியோனின் மகன் ஹேமன் தந்தையிடம் வாதாடித் தோற்கிறான். கண் தெரியாத தீர்க்கதரிசி ரைரீசியஸ் எச்சரித்த பின்னரே கிரியோன் மனம் மாறுகிறான். அதற்குள் அன்ரிகனி தூக்கிட்டு இறந்துவிடுகிறாள். ஹேமன் அவள் அருகில் வாளைத் தன்மேல் பாய்ச்சி இறக்கிறான். செய்தி கேட்ட தாய் யூரிடிசியும் இறக்கிறாள். கிரியோன் உயிரோடு இருக்கிறான்.

உறவுமுறைகள் குழப்புகின்றன. நினைவில் வைக்க வழி உண்டா?

தமிழில் யோசியுங்கள், குழப்பமே இல்லை. கிரியோன், அன்ரிகனியின் தாய் யொகாஸ்ராவின் சகோதரன். அப்படியானால் அன்ரிகனிக்குத் தாய்மாமன். ஹேமன் மாமன் மகன், அதாவது மச்சான். ஆங்கிலப் பதிப்பில் அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியதை நம் வீட்டுச் சொற்கள் இரண்டே சொல்லிவிடுகின்றன.

இன்னொன்றும் கிடைக்கிறது. நம் வீட்டு நன்மை தீமைகளில் தாய்மாமனுக்கு என்ன இடம் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் நின்று செய்ய வேண்டிய அந்த மாமனே மருமகனின் உடலை வெளியில் போடச் சொல்கிறான். கிரேக்க வழக்கிலும் தந்தையும் சகோதரரும் இல்லாத பெண்ணுக்கு நெருங்கிய ஆண் உறவினரே பொறுப்பாளர். எனவே கிரியோன் இந்தப் பிள்ளைகளுக்கு அரசன் மாத்திரம் அல்லன், வீட்டுத் தலைவனும் அவன்தான். “அரசுக்கும் குடும்பத்துக்கும் இடையிலான மோதல்” என்று எல்லோரும் எழுதும் வாக்கியத்தை எழுதுமுன் இதை யோசியுங்கள். கிரியோன் இரண்டு பக்கத்திலும் நிற்க வேண்டியவன்.

அன்ரிகனியா, அன்டிகனியா, ஆண்டிகொனியா? பெயரை எப்படி எழுதினால் புள்ளி குறையாது?

உங்கள் வகுப்பு நூலில் உள்ளபடி எழுதுங்கள், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மாதிரி எழுதுங்கள். அவ்வளவுதான்.

எத்தனை முறை வாசிக்க வேண்டும்?

1353 வரிகள்தான். ஒரு மாலையில் வாசித்து முடிக்கலாம். முதல் முறை நிறுத்தாமல், பென்சில் தொடாமல் வாசியுங்கள். இரண்டாம் முறை நண்பர்கள் மூன்று பேராகச் சேர்ந்து உரத்து வாசியுங்கள். மூன்று பேர் என்று காரணத்தோடுதான் சொல்கிறேன்: சோபோகிளிஸின் மேடையில் பேசும் பாத்திரங்கள் அனைத்தையும் மூன்று நடிகர்களே முகமூடி மாற்றி மாற்றி நடித்தார்கள், எல்லோரும் ஆண்கள். நீங்களும் அப்படிப் பங்கிட்டுப் பார்த்தால் யார் எப்போது உள்ளே போகிறார், யார் எப்போது வெளியே வருகிறார் என்பது தானாகவே மனதில் பதியும்.

மூன்றாம் முறை ஒரு தாளை எடுத்து, நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதுங்கள். யார், என்ன செய்தார், எதற்கு முன், எதற்குப் பின். நான் கற்பிப்பதில் ஒன்றை மாத்திரம் நீங்கள் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பொருள், குறியீடு, பாத்திரப் பண்பு என்று குறிப்புகளில் வருபவை எல்லாம் இந்த வரிசைக்குப் பின்னால்தான்.

“கிரியோனின் துன்பியல் தவறு அவனுடைய கர்வம்.” இப்படி எழுதினால் போதாதா?

போதாது. இந்த ஒரு வாக்கியம் எத்தனை விடைத்தாள்களில் வந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது. தவறு என்று சொல்ல முடியாத வாக்கியம், ஆனால் நாடகத்தைத் திறக்காமலே எழுதக்கூடிய வாக்கியம்.

‘துன்பியல் தவறு’ என்று நாம் மொழிபெயர்க்கும் ஹமார்சியா என்ற கிரேக்கச் சொல்லின் அடியில் இருப்பது குறி தவறுதல், எய்த அம்பு இலக்கில் படாமல் போவது. அது ஒரு செயல். ‘கர்வம்’ ஒரு குணம். கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்ரோட்டில் தன் கவிதையியலில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது, இந்த நாடகம் மேடையேறிச் சுமார் நூறு ஆண்டுகள் கழித்து. சோபோகிளிஸ் அதை முன்னால் வைத்துக்கொண்டு எழுதவில்லை. ஆகவே குணத்தைத் தேடாமல் செயலைத் தேடுங்கள்.

நான் காட்டும் இடம் இது. ரைரீசியஸ் கோபத்தோடு போனபின் கிரியோன் நடுங்கிப்போய்க் கோரஸின், அதாவது நாடகத்தில் பாடும் முதியவர் குழுவின், தலைவரிடம் ஆலோசனை கேட்கிறான். அவர் சொல்லும் வரிசை தெளிவானது: போய்ப் பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, பிறகு கிடக்கும் உடலுக்குக் கல்லறை செய். கிரியோன் ஒத்துக்கொள்கிறான். ஆட்களைக் கோடரிகளோடு வரச் சொல்லிப் புறப்படுகிறான். “நானே அடைத்தேன், நானே விடுவிப்பேன்” என்ற பொருளில் பேசவும் செய்கிறான்.

பிறகு தூதுவன் வந்து நடந்ததைச் சொல்லும்போது கவனியுங்கள். அவர்கள் முதலில் போனது உடல் கிடந்த இடத்துக்கு. நாய்கள் கிழித்ததில் எஞ்சியதைக் கழுவினார்கள், புதிதாய் வெட்டிய கிளைகளில் எரித்தார்கள், மண்ணை உயரக் குவித்தார்கள். அதன் பின்னரே குகைக்குப் போனார்கள். தொலைவிலேயே ஹேமனின் அழுகுரல் கேட்டுவிட்டது.

வரிசை மாறிவிட்டது. மனம் மாறிய பின்னும், நல்லது செய்யக் கிளம்பிய பின்னும், கிரியோன் உயிரோடு இருப்பவளைப் பின்னுக்குத் தள்ளி இறந்தவனுக்குக் கிரியை செய்கிறான். ஏன் அப்படிச் செய்தான் என்று சோபோகிளிஸ் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. நகரைப் பிடித்த தீட்டை நீக்குவதே அரசனின் முதல் வேலை என்று நினைத்தானா? அடைத்து வைத்தவள் காத்திருப்பாள் என்று நினைத்தானா? இங்கேதான் நீங்கள் வாதிட வேண்டும். எந்தப் பக்கம் வாதிட்டாலும், நாடகத்தை வாசித்த பிள்ளை என்பது திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த ‘தீட்டு’ என்பது என்ன? நம் துடக்கும் அதுவும் ஒன்றா?

மிக நெருக்கம், ஆனால் ஒன்றல்ல. நம் வீட்டில் செத்தவீடு நடந்தால் உறவினருக்குத் துடக்கு, 31ஆம் நாள் அந்தியேட்டியோடு கழியும். காலக்கெடு உண்டு, கழிக்கும் முறையும் உண்டு. கிரேக்க நாடகத்தில் வரும் தீட்டு, செய்யக்கூடாதது செய்யப்பட்டதாலும் செய்ய வேண்டியது செய்யப்படாததாலும் வருவது. காலம் போனால் தானாகக் கழியாது. அது உறவினரோடும் நிற்காது. உடலைத் தின்ற பறவைகளும் நாய்களும் அந்தத் தசையை நகரத்துப் பலிபீடங்களில் கொண்டுவந்து போடுகின்றன, கடவுளர் பலியை ஏற்க மறுக்கிறார்கள் என்கிறார் ரைரீசியஸ். ஒரு வீட்டுப் பிணம் ஊருக்கே தீட்டாகிறது.

அவர் சொல்லும் இன்னொரு கருத்தைத் தவறாமல் படித்துக்கொள்ளுங்கள்: மேலே இருக்க வேண்டியவளைக் கீழே அடைத்தாய், கீழே போக வேண்டியவனை மேலே வைத்திருக்கிறாய். நாடகம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

ஒரு பிடி மண் தூவினால் அது புதைப்பதாகுமா?

ஆகும். கிறிஸ்தவ அடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போடுவதை நாவாந்துறையிலோ பாசையூரிலோ பார்த்திருப்பீர்கள். வாய்க்கரிசி போடுவதும் பசியாற்ற அல்ல. செய்த அடையாளம் இருந்தால் கடன் தீர்ந்தது. மெல்லிய மண் படலம், மும்முறை வார்க்கும் நீர்க்கடன், இவ்வளவே அன்ரிகனி செய்தது.

சிலர் “பெண் சுடலைக்குப் போகக்கூடாது என்ற விதியை மீறினாள்” என்று எழுதிவிடுகிறார்கள். அது நம் ஊர் வழக்கைக் கிரேக்கத்தில் ஏற்றுவது. கிரேக்கத்தில் உடலைக் கழுவுவதும் உடுத்துவதும் ஒப்பாரி வைப்பதும் பெண்களின் கடமை. தாய் தந்தைக்கும் அவற்றைத் தன் கையாலேயே செய்ததாக அன்ரிகனி சொல்கிறாள். அவள் மீறியது கிரியோனின் கட்டளையை.

அவள் ஏன் இரண்டாம் முறை போனாள்? முதல் முறையே கடன் தீர்ந்துவிட்டதே?

படலை வரை வந்து கேட்கப்பட்ட கேள்வி இது. அறிஞர்களும் நெடுங்காலம் கேட்ட கேள்விதான்.

நாடகத்தில் உள்ளது இவ்வளவு: முதலில் காவலாளி வந்து, உடல்மேல் மெல்லிய மண் தூவப்பட்டிருக்கிறது, மண்வெட்டித் தடமோ வண்டித் தடமோ இல்லை என்கிறான். இது கடவுளரின் செயலாய் இருக்குமோ என்று கோரஸ் கேட்க, கிரியோன் சீறுகிறான். காவலாளிகள் போய் மண்ணைத் துடைத்து உடலை மீண்டும் வெளியாக்கிவிட்டு, நாற்றம் படாதபடி காற்றுக்கு எதிர்ப்பக்கம் மேட்டில் காத்திருக்கிறார்கள். நண்பகலில் புழுதிச் சூறாவளி. அது அடங்கியபோது, குஞ்சுகள் இல்லாத வெறுங்கூட்டைக் கண்ட பறவை போல அலறிக்கொண்டு அவள் நிற்கிறாள்.

அந்த உவமையே விடை என்பது என் எண்ணம். பறவை கணக்குப் பார்த்துத் திரும்பி வரவில்லை. கூடு வெறுமையாகிவிட்டதைக் கண்டது, கத்தியது. சட்டப்படி கடன் தீர்ந்திருக்கலாம். ஆனால் மூடிய முகத்தை யாரோ மீண்டும் திறந்துவிட்டார்களே. தமக்கையாக அவள் வேறென்ன செய்வாள்? வேறு விளக்கம் எழுதுபவர்களும் உண்டு. முதல் முறை செய்தது கடவுளரே என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். எதை எழுதினாலும் அந்தப் பறவையை விடையில் விட்டுவிடாதீர்கள்.

கதாநாயகர் அன்ரிகனியா, கிரியோனா?

தலைப்பு அவளுடையது. வரிகள் அவனுக்கு அதிகம். நாடகத்தின் கடைசி 400க்கு மேற்பட்ட வரிகளில் அவள் மேடையில் இல்லை. உயர்நிலையிலிருந்து வீழ்வதும், தவற்றைத் தாமதமாக அறிவதும் கிரியோனுக்கு நேர்கின்றன. அரிஸ்ரோட்டிலின் அளவுகோலை வைத்தால் அவன் பக்கம் தராசு சாயும். அவளிடம் மனமாற்றமே இல்லை. ஆனால் அவன் செய்வதும் அஞ்சுவதும் இழப்பதும் எல்லாம் அவள் செய்த ஒரு செயலிலிருந்து வருகின்றன.

“இருவரும்” என்று எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஒருவரைத் தேர்ந்து, மற்றவருக்கான வலுவான காரணத்தையும் சொல்லி, அதற்குப் பதில் சொல்லுங்கள். ஜெர்மன் மெய்யியலாளர் ஹேகல் இங்கே மோதுவது நியாயமும் அநியாயமும் அல்ல, இரண்டு நியாயங்கள் என்றார். அந்தக் கருத்தை எழுதலாம். ஆனால் ரைரீசியஸ் வந்த பிறகும் கிரியோனின் பக்கம் சம நியாயம் இருக்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

“கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன்” என்கிறாளே! இதை எப்படி விளக்குவது?

கணவன் இறந்தால் இன்னொரு கணவன் வரலாம், பிள்ளையும் பிறக்கலாம். தாயும் தந்தையும் மண்ணுக்குள் போனபின் இன்னொரு சகோதரன் பிறக்க வழியில்லை என்பது அவள் காரணம். பிள்ளைகளுக்கு இது அதிர்ச்சி. கடவுளரின் எழுதாச் சட்டத்துக்காக நின்றவள் திடீரென்று கணக்குப் பேசுகிறாளே! ஜெர்மன் கவிஞர் கோதேக்கும் இது பிடிக்கவில்லை. இந்த வரிகள் இடைச்செருகல் என்று யாராவது நிறுவிவிட மாட்டார்களா என்று விரும்பினார். ஆனால் அரிஸ்ரோட்டில் தன் பேச்சுக்கலை நூலில் இந்த வரிகளை எடுத்துக்காட்டுகிறார். அவர் காலத்தில் அவை நாடகத்தில் இருந்தன.

இதைச் சொல்லும் நேரத்தைப் பாருங்கள். குகைக்குக் கொண்டுபோகும் வழியில், மணப்பந்தல் காணாமல் போகிறேனே என்று தனக்குத் தானே ஒப்பாரி வைக்கும் நேரம். செத்தவீட்டில் அழும் பெண் சொல்லும் காரணங்களை யாராவது தர்க்கத்தில் வைத்துப் பார்ப்பார்களா? “உன்னைப்போல் இன்னொருவன் எனக்கு வருவானா” என்பதுதான் அவள் சொல்வது.

இஸ்மினி கோழையா?

இல்லை. முதலில் மறுத்தவள், அக்கா பிடிபட்டதும் தானும் பங்காளி என்று சாக முன்வருகிறாள். அன்ரிகனிதான் அவளைத் தள்ளிவிடுகிறாள், கடுமையாகவே. அந்தக் கடுமையைக் குறிப்பிடாமல் அன்ரிகனியைப் பற்றி முழுமையாக எழுத முடியாது.

கோரஸ் என்பது நம் கூத்தின் பிற்பாட்டுக்காரர் போலத்தானே?

பாடுவதில் போல, இருப்பதில் வேறு. பிற்பாட்டுக்காரர் கதைக்கு வெளியே நின்று அண்ணாவியாரோடு பாடலை எடுத்துக் கொடுப்பவர்கள். கிரேக்கக் கோரஸ் கதைக்குள் இருக்கும் மனிதர்கள். இங்கே அவர்கள் தீப்ஸின் முதியவர்கள், 15 பேர். அவர்களுக்கு அச்சம் உண்டு, அரசனுக்கு முன் வாய் மூடும் பழக்கமும் உண்டு. நகரம் இருளில் அந்தப் பெண்ணுக்காக அழுகிறது என்று ஹேமன் சொல்கிறான். அந்த நகரத்தின் முதியவர்கள் இவர்களே, ஆனால் அரசன் முன்னால் அப்படிச் சொல்லவில்லை.

கூத்து விடிய விடிய நடக்கும். கிரேக்க நாடகம் ஏதென்ஸில் டயனிசஸ் கடவுளின் இளவேனில் விழாவில், அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், பட்டப்பகலில் நடந்தது. கோரஸ் நுழைந்தவுடன் பாடும் முதல் வரிகள் உதிக்கும் சூரியனை வாழ்த்துபவை. கூத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒளியும் நேரமும் நாடகத்தின் பகுதி என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த நுழைவுப் பாடலுக்குப் பின் வரும் பாடல்களில், மனிதனின் ஆற்றலைப் பாடும் முதல் பாடலைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். நீங்கள் ஐந்தாவதையும் படியுங்கள். கிரியோன் ஆட்களோடு புறப்பட்டுப் போனபின், இனி எல்லாம் சரியாகும் என்று கோரஸ் டயனிசஸை அழைத்து மகிழ்ந்து பாடுகிறது. பாட்டு முடிந்ததும் தூதுவன் மரணச் செய்தியோடு நிற்கிறான்.

கண்ணகியோடும் அரிச்சந்திரனோடும் ஒப்பிட்டு எழுதலாமா?

கேள்வி இடம் கொடுத்தால் எழுதுங்கள், ஆனால் வேறுபாட்டுக்காக எழுதுங்கள். “இருவரும் அரசனை எதிர்த்தார்கள்” என்பது பாதி வேலை.

வழக்குரை காதையில் கண்ணகி “தேரா மன்னா” என்று தொடங்குகிறாள். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. பாண்டியன் அந்தக் கணமே “யானோ அரசன் யானே கள்வன்” என்று உணர்ந்து உயிர் விடுகிறான். அறிதலுக்கும் மரணத்துக்கும் இடையில் அவனுக்கு நேரமே இல்லை. கிரியோனுக்கு நேரம் இருக்கிறது. மகன் சொன்னான், தீர்க்கதரிசி சொன்னார், முதியவர்கள் சொன்னார்கள். கடைசியில் அறிந்தபின்னும் சாகாமல் வாழ வேண்டியவனாகிறான். பாண்டியனின் தேவி கணவனோடு வீழ்கிறாள். யூரிடிசி கணவனைச் சபித்துவிட்டு இறக்கிறாள். இந்த இரண்டு வேறுபாடுகளுமே ஒரு நல்ல பந்திக்குப் போதும்.

அரிச்சந்திரன் இன்னும் நெருக்கம். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை உங்கள் தாத்தா பாட்டிமார் கண்டு அழுதிருப்பார்கள். இறந்த பிள்ளையைச் சுமந்து வந்த சந்திரமதியிடம், சுடலை காக்கும் கணவன் கால் பணமும் முழத் துண்டும் கேட்கிறான். அங்கும் ஓர் உடல் கிரியைக்குக் காத்துக் கிடக்கிறது, அங்கும் கட்டளை குறுக்கே நிற்கிறது. ஆனால் ஓங்கிய வாள் மாலையாகிறது, பிள்ளை எழுகிறான். சோபோகிளிஸின் வாள் மாலையாகாது. துன்பியல் என்றால் என்ன என்று கேட்டால் என் வகுப்பில் முதலில் இந்த இரண்டு வாள்களையும் சொல்வேன். ஹேமன் முதலில் தந்தையை நோக்கித்தான் வாளை வீசுகிறான், தவறுகிறது, பிறகே தன்மேல் பாய்ச்சிக்கொள்கிறான். அறிந்தே ஓங்கிவிட்டுச் செய்யாமல் போகும் அந்த வீச்சை அரிஸ்ரோட்டில் நல்ல உத்தியாகக் கொள்ளவில்லை. நான் அவரோடு உடன்படவில்லை. தகப்பன் ஒதுங்குகிறான், மகன் தன்மேலேயே கோபப்படுகிறான், அந்த ஒரு கணம் எனக்கு மறப்பதில்லை.

எங்கள் வீட்டிலும் உடல் கிடைக்காமல் போனவர் இருக்கிறார். அதை விடையில் எழுதலாமா?

இந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்த மண்ணில் அந்தியேட்டி செய்ய நாள் தெரியாத வீடுகள் இருக்கின்றன. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போவதா வேண்டாமா என்று ஒவ்வோர் ஆண்டும் முடிவெடுக்க முடியாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த நாடகத்தின் முதல் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

பரீட்சைக்கு என் பதில்: உங்கள் வீட்டுக் கதையை எழுத வேண்டாம், அதன் வெளிச்சத்தில் நாடகத்தை வாசித்து எழுதுங்கள். திருத்துபவர் முன்பின் தெரியாதவர். அவருக்குக் காட்ட வேண்டியது நாடகத்தின் வரிகள். உங்கள் துயரத்தைப் புள்ளிக்கு வைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இன்றைய பொருத்தம் பற்றிக் கேள்வி வந்தால் பிற நாடுகளின் எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. 1944இல் ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த பாரிஸில் ழான் அனூய் தன் ‘அன்ரிகனி’யை மேடையேற்றினார். 1973இல் தென்னாபிரிக்காவில் உருவான ‘தீவு’ நாடகத்தில் சிறைக்கைதிகள் இருவர் இந்தக் கதையைச் சிறைக்குள் நடிக்கிறார்கள்.

ரியூசனில் தந்த மாதிரி விடையைப் பாடமாக்கினால் என்ன?

கேள்வி சற்றே திரும்பினால் பாடமாக்கியது உதவாது. ஒரே கருத்தை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன்.

முதலாவது: “கிரியோன் ஒரு கொடுங்கோலன். அவன் பிடிவாதம் உள்ளவன். அவனுடைய பிடிவாதம் அவனை அழித்தது.”

இரண்டாவது: “வெள்ளத்துக்கு வளையும் மரம் கிளையோடு தப்பும், எதிர்த்து நிற்பது வேரோடு போகும் என்று ஹேமன் சொல்லும்போது கிரியோன் உவமைக்குப் பதில் சொல்லாமல் மகனின் வயதைத் தாக்குகிறான். ரைரீசியஸ் பேசும்போது செய்திக்குப் பதில் சொல்லாமல் அவருடைய நேர்மையைத் தாக்குகிறான். காவலாளிக்கும் முன்பு இதே பதில்தான், காசு வாங்கினாய் என்று. சொல்லப்பட்டதை விட்டுச் சொல்பவரைத் தாக்குவதே அவனுடைய பிடிவாதத்தின் வடிவம்.”

இரண்டாவதில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. மூன்று இடங்கள் இருக்கின்றன, அவற்றை இணைக்கும் ஒரு பார்வை இருக்கிறது.

எத்தனை மேற்கோள் பாடமாக்க வேண்டும்?

பத்து இருந்தால் நிறைய. நீளமாக வேண்டாம். வெறுக்க அல்ல, அன்பில் இணையவே பிறந்தேன் என்று அன்ரிகனி சொல்வது, ஒருவனுக்கே சொந்தமானது நகரமாகாது என்று ஹேமன் சொல்வது, இப்படிக் குறுகியவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், யார், யாரிடம், எதற்குப் பதிலாகச் சொன்னார் என்று எழுதுங்கள். அது தெரியாத மேற்கோள் விடையில் எங்கேயும் ஒட்டாது.

பரீட்சைக்கு முதல் நாள் இரவு எதை வாசிப்பது?

குறிப்புகளை மூடிவிடுங்கள். யூரிடிசி வரும் இடத்தை எடுங்கள். நாடகம் முழுவதிலும் அவள் பேசுவது ஒன்பதே வரிகள். வழிபடப் புறப்பட்டுக் கதவின் தாழை நீக்கும்போது தன் வீட்டுத் துயரச் செய்தி காதில் விழுந்தது, மயங்கிச் சாய்ந்தேன், இருந்தாலும் சொல்லுங்கள், துயரம் எனக்குப் புதிதல்ல என்கிறாள். தூதுவன் எல்லாவற்றையும் சொல்கிறான்: குகை, கயிறு, வாள், மகனின் இரத்தம். அவன் சொல்லி முடித்தபோது அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பி வீட்டுக்குள் போய்விடுகிறாள். இத்தனை மௌனம் எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறார் கோரஸின் தலைவர். அந்த வரியில் நூலை மூடிவைத்துவிட்டு, விளக்கை அணைத்து நித்திரை கொள்ளுங்கள்.